ஆன்சன் காசு கொடுத்த விதம்

மதுரை கோச்சடையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஆன்சன் வீடு. மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். எனக்குப் பரவையில் விதை, உரக்கடை. என் பெயர் சூரியபிரகாஷ். எங்கள் ஆட்கள் இந்தப் பக்கம் வெள்ளாமை பார்த்தவர்கள். அவன் குடும்பம் பள்ளிக்கூட வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். எங்களைச் சேர்த்து வைத்தது ஓட்டம்தான்.

சர்க்கரை வந்துவிடும் என்று டாக்டர் பயமுறுத்தி ஓட வந்தவன் நான். ஆன்சன் படிக்கிற காலத்திலிருந்தே ஓடுகிறவன். நான் மூச்சு வாங்கிக்கொண்டு போவேன், அவன் பக்கத்தில் கதை பேசிக்கொண்டே வருவான். சனிக்கிழமைகளில் கீழக்குயில்குடி வரைக்கும் போவோம். சமணர் மலை அடிவாரத்தில், குளத்தங்கரை ஆலமரத்துப் பக்கம், அன்னக்கொடியக்கா பருத்திப்பால் வண்டி நிற்கும். அங்கே ஆளுக்கு ஒரு டம்ளர். காசை அவன்தான் கொடுப்பான். நான் பைக்குள் கை விடுவதற்குள் அவன் நோட்டு அக்கா கையில் இருக்கும். "மாப்ள, நீ அடுத்த வாரம் குடு" என்பான். அந்த அடுத்த வாரம் வந்ததே இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் வகுப்பில் அவன் கையிலிருந்து சாக்பீஸ் விழ ஆரம்பித்தது. பிள்ளைகள் எடுத்துக் கொடுத்தார்கள். தூக்கம் சரியில்லை, கழுத்து எலும்பு தேய்ந்திருக்கும் என்று அவனே சொல்லிக்கொண்டான். எண்ணெய் தேய்த்தான், பந்து வாங்கி அமுக்கினான். சட்டைப் பித்தானை வலது கையால் போட முடியாமல் போனபோதுதான் அவன் மனைவி ஜெனிஷா அவனை நரம்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். தசையில் ஊசி குத்திப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஒவ்வொன்றாக இது இல்லை, அது இல்லை என்று கழித்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் மிஞ்சியது மோட்டார் நியூரான் நோய்.

டாக்டர் நல்ல மனுஷர். சுற்றி வளைக்கவில்லை. தசைக்கு உத்தரவு கொண்டுபோகிற நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும், கையில் ஆரம்பித்திருக்கிறது, அடுத்த கைக்குப் போகும், காலுக்குப் போகும், விழுங்குவதற்கும் மூச்சுக்கும் வரும் என்றார். மாத்திரை இருக்கிறது, ஆனால் நிறுத்தாது, கொஞ்சம் தள்ளிப்போடும்.

"புத்தி?" என்று ஆன்சன் கேட்டான்.

"பெரும்பாலும் அப்படியே தெளிவா இருக்கும்" என்றார் டாக்டர்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் ஆன்சன் சொன்னான்: "தெளிவா இருக்கும்னு அவரு ஆறுதலுக்குத்தான் சொன்னாரு."

ஜெனிஷா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அதற்குப் பிறகும் சில மாதம் ஓடினோம். கால் நன்றாகத்தான் இருந்தது. சிக்கல் எல்லாம் பர்ஸில்தான். பின்பாக்கெட்டிலிருந்து அதை உருவ முடியவில்லை. சட்டைப் பையில் வைத்தால் நோட்டை விரலால் பிரிக்க முடியவில்லை. போனில் பணம் அனுப்பலாம் என்றால் ரகசிய எண் போடும்போது விரல் பக்கத்து எண்ணில் விழும். தப்புத் தப்பாகப் போட்டதும் அன்றைக்குக் கணக்கே பூட்டிக்கொள்ளும். கடைக்காரர் காத்திருப்பார். பின்னால் நிற்கிறவர்களும் காத்திருப்பார்கள்.

ஒரு நாள் அரசரடியில் மருந்துக்கடையில் நின்றிருக்கிறான். பர்ஸோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துப் பின்னால் நின்ற ஒருவர், "இருங்க சார், நான் எடுத்துத் தாரேன்" என்று இவன் பாக்கெட்டில் கையை விட்டு பர்ஸை எடுத்து, நோட்டை எடுத்துக் கொடுத்து, மீதியை வைத்துத் திரும்பச் செருகிவிட்டாராம். சாயங்காலம் என் கடைக்கு வந்து அதைச் சொன்னான். உர மூட்டை மேல் உட்கார்ந்திருந்தான்.

"நல்ல மனுஷன்தான் மாப்ள. ஆனா என் பாக்கெட்டுக்குள்ள கைய விட்டுட்டாரு. நான் கையத் தொங்கப்போட்டுக்கிட்டு நின்னேன்."

"உதவிதானேடா."

"ஆமா. தாங்க்ஸ்னு சொன்னேன்."

அந்த வாரம்தான் எங்கள் ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒருவர் படம் போட்டிருந்தார். ஓடி முடித்துக் கடையில் கைக்கடிகாரத்தை மிஷினில் காட்டி இளநீர் பாட்டில் வாங்குகிற படம். பர்ஸும் வேண்டாம் போனும் வேண்டாம் என்று பெருமையடித்திருந்தார். ஆன்சன் எனக்கு போன் போட்டான்.

"சனிக்கிழமை பைபாஸ் ரோடு போகணும். வாரியா?"

"எதுக்கு?"

"வாட்ச் வாங்க."

அவன் ஸ்கூட்டரை அந்த மாதம்தான் விற்றிருந்தான். ஓட்ட முடியவில்லை. அந்தக் காசுதான் இது என்று எனக்குத் தெரியும்.

கடையில் முகேஷ் என்று சட்டையில் பெயர் குத்திய விற்பனையாளர் எங்களைப் பிடித்துக்கொண்டார். ஆன்சனின் ஓட்டக்காரக் காலைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "சார் ஹாஃப் மாரத்தானா, ஃபுல்லா?"

"ஹாஃப் ஓடிருக்கேன்" என்றான் ஆன்சன்.

இதயத் துடிப்பு, ஆக்ஸிஜன், தூக்கம், எந்த வேகத்தில் ஓடினால் எவ்வளவு நேரத்தில் முடிக்கலாம் என்கிற கணக்கு என்று முகேஷ் அடுக்கிக்கொண்டே போனார். ஆன்சன் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டான். பிறகு தன் கேள்விகளைக் கேட்டான்.

"இதுல காசு குடுக்கலாமா?"

"இந்த மூணு மாடல்ல குடுக்கலாம் சார். மிஷின் கிட்டக் கொண்டுபோனாப் போதும். ஐயாயிரம் வரைக்கும் மிஷின்ல பின் நம்பர் கேக்காது."

"வாட்ச்ல கேக்குமா?"

"கைல மாட்டுறப்ப ஒரு தடவ நாலு நம்பர் போடணும். கழட்டுற வரைக்கும் மறுபடி கேக்காது."

"சார்ஜ் போடணும்னாக் கழட்டணும்ல. எம்புட்டு நாள் நிக்கும்?"

முதல் மாடல் ஒன்றரை நாள். ஆன்சன் அதைத் தள்ளி வைத்தான். மற்ற இரண்டும் ஓடுகிறவர்களுக்கென்றே செய்தவை, பத்து நாள் நிற்கும் என்றார். அதில் ஒன்றை எடுத்துப் பார்த்தான். பணப் பக்கத்தைத் திறக்க ஓரத்துப் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். வலது கட்டைவிரலால் அழுத்தினான். பொத்தான் அசையவில்லை. கண்ணாடி மேசையின் விளிம்பில் வைத்து அமுக்கிப் பார்த்தான். அப்போதும் முழுதாக இறங்கவில்லை. அடுத்ததை எடுத்தான். சின்னது, லேசானது, ரோஸ் நிறம். பொத்தான் லேசாக அழுத்தியதுமே உள்ளே போனது.

"சார், அது லேடீஸ் மாடல்" என்றார் முகேஷ். "மேடத்துக்குங்களா?"

"எனக்குத்தான். இதுக்குத் துணி வார் இருக்கா? ஒட்டுற மாதிரி? ஊசி வச்ச வாரை மாட்ட ரெண்டு கை வேணும்."

அப்போதுதான் முகேஷ் அவன் கைகளைப் பார்த்தார். கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதை வற்றிப் பள்ளமாகியிருந்தது. அதற்கப்புறம் அவர் மாரத்தான் பேச்சை எடுக்கவில்லை. உள்ளே போய்க் கறுப்பில் ஒரு துணி வாரைத் தேடி எடுத்து வந்து, அவரே மாற்றிக் கொடுத்தார்.

இவன் சம்பள வங்கியின் கார்டை அந்த வாட்ச் ஏற்கவில்லை. இன்னொரு வங்கியில் கணக்குத் தொடங்க வேண்டியிருந்தது. கையெழுத்துப் போடும்போது ஜெனிஷா அவன் மணிக்கட்டைக் கீழிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அதில் கொஞ்ச நாள் போனது. கடைசியில் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலிலிருந்தே கூப்பிட்டான். "மாப்ள, கடைக்குப் போவோம் வா."

பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்றுக்குப் போனோம். ஒரு ரொட்டிப் பாக்கெட்டைக் கூடையில் போட்டான். பில் போடுகிற இடத்தில் பொத்தானை மேசை முனையில் வைத்து அழுத்தினான். இடது கையை மிஷின் மேல் கொண்டுபோனான். டிங் என்றது. பில் போட்ட பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அடுத்தவங்க வாங்க" என்றாள். வெளியே வரும்போது ஆன்சன் முகத்தில் இருந்த சிரிப்பை நான் வெகுநாளாகப் பார்த்திருக்கவில்லை.

"பாத்தியா. அந்தப் பொண்ணு என்னயப் பாக்கவே இல்ல."

அதற்கப்புறம் ஒரு மாதம் கண்டதையும் வாங்கினான். சீப்பு, டார்ச் செல், ஜாம் பாட்டில், ஊறுகாய். மாலையில் நடந்து போவான், எதையாவது பையில் போட்டுக்கொண்டு தோளில் மாட்டி வருவான். ஜெனிஷா என்னிடம் சொன்னாள்: "அண்ணே, வீட்ல சோப்பு வைக்க எடமில்ல. நான் ஒண்ணும் சொல்லல. வாங்கட்டும்."

ஆனால் மிஷின் இருக்கிற கடையில்தான் அது நடக்கும். மதுரையில் அப்படிப்பட்ட கடை எத்தனை? பரவை மார்க்கெட்டில் காய்கறிக்குக் காசு, இல்லையென்றால் போனில் படம் பிடிக்கிற கியூஆர் அட்டை. ஆட்டோவிலும் அப்படித்தான். பூக்காரியிடமும் அப்படித்தான். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசையில் காணிக்கைப் பை வரும்போது ஜெனிஷா நோட்டை எடுத்து அவன் விரல்களுக்கு நடுவில் செருகுவாள். ஒரு வாரம் அது பைக்குப் போகாமல் தரையில் விழுந்துவிட்டது. பை பிடித்தவர் குனிந்து எடுத்துப் போட்டுக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து ஆன்சன் பின்வரிசையில் தூணோரம் உட்கார ஆரம்பித்தான். அங்கே பை அவனிடம் வருவதற்குள் ஜெனிஷா இருவருக்குமாகப் போட்டுவிடுவாள்.

அன்னக்கொடியக்கா வண்டியில் மிஷின் வைக்கச் சொல்லலாம் என்பது என் யோசனை. கேட்டதும் அக்கா சிரித்தது. "அட்டை வச்சுருக்கேன்ல தம்பி, அது பத்தாதா? பருத்திப்பாலுக்கு மிஷினா?"

"சாருக்கு அட்டையில முடியலக்கா. கை வரல."

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டது. "நான் அவருகிட்ட காசா கேட்டேன்? சும்மா குடிச்சுட்டுப் போகச் சொல்லுங்க."

"அதுக்குத்தான்க்கா அவரு இப்ப வாரதில்ல."

ஒரு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தது. பிறகு, "என்ன பேப்பரு வேணும்னு சொல்லுங்க" என்றது.

ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் நான் வாங்கிப் பதிந்து கொடுத்தேன். மாத வாடகை நான் கட்டுவதாகப் பேச்சு. மிஷின் கம்பெனிக்காரர்கள் இதோ அதோ என்று இழுத்தடித்தார்கள். மிஷின் வந்தபோது மாசி மாதம். அதற்குள் ஆன்சன் ஓடுவதை விட்டுவிட்டான். வலது பாதம் தூக்காமல் தரையில் இழுபட ஆரம்பித்திருந்தது. பள்ளியில் நீண்ட விடுப்பு போட்டிருந்தான். இடது கையும் தோளுக்கு மேல் வராது. வாட்ச் பொத்தானை இப்போது தாடையால் அழுத்தினான். ஜெனிஷா மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்க, அவன் குனிந்து தாடையை வைத்து அமுக்குவான்.

ஒரு சனிக்கிழமை அவனையும் ஜெனிஷாவையும் காரில் கூட்டிக்கொண்டு போனேன். மலையடியில் நடைக்கு வந்த கூட்டம் நிறைய இருந்தது. அக்கா எங்களைப் பார்த்ததும் மிஷினைத் துணியால் துடைத்தது. பருத்திப்பாலை நான் அவன் வாயில் பிடித்தேன். குடித்து முடித்ததும், "காசு" என்றான். ஜெனிஷா கையைத் தூக்கினாள். தாடையால் அழுத்தினான். ஆனால் கை மிஷின் வரைக்கும் எட்டவில்லை. அக்கா வண்டியைச் சுற்றி வந்து மிஷினை அவன் மடிக்குக் கொண்டுவந்து வாட்சில் ஒட்டிப் பிடித்தது. பணம் வந்தது என்று மிஷின் பெரிய குரலில் சொன்னது.

"வந்துருச்சு சாரு" என்றது அக்கா.

ஆன்சன் தலையாட்டினான். அவனுக்குச் சந்தோஷம்தான். ஆனால் சூப்பர் மார்க்கெட் வாசலில் பார்த்த சிரிப்பு இல்லை. திரும்பி வரும்போது, "இம்புட்டுப் பேரு சேந்து ஒரு டம்ளருக்குக் காசு குடுக்குறோம்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னான்.

மறுபடி இரண்டு தடவையோ என்னவோ போனோம். அதற்குப் பின் காரில் ஏறுவதே பெரிய பாடாகிவிட்டது.

அந்த வாட்ச் அவன் ஓடவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து நடங்கள் என்று அதிரும். உங்கள் உடல் தகுதி குறைந்து வருகிறது என்று வாராவாரம் சிவப்பில் காட்டும். ஜெனிஷா ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து நோண்டி அதையெல்லாம் நிறுத்தினாள்.

"அது தப்பா ஒண்ணும் சொல்லலயே" என்றான் அவன். அப்போதே பேச்சு கொஞ்சம் குழற ஆரம்பித்திருந்தது.

கடைசியில் கெடுத்தது நோட்டும் இல்லை, பொத்தானும் இல்லை, அவன் மணிக்கட்டுதான். சதை வற்ற வற்ற வாட்ச் ஆட ஆரம்பித்தது. வாரை எவ்வளவு இறுக்கினாலும் எலும்புக்கும் வாட்சுக்கும் நடுவில் இடைவெளி. தோலை உணரவில்லையென்றால் கழட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு அது தானே பூட்டிக்கொள்ளும். மறுபடி நாலு எண் கேட்கும்.

அதே அரசரடி மருந்துக்கடை. ஜெனிஷா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போயிருந்தாள். நான் பின்னால் நின்றேன். மாத்திரை கட்டி வைத்தார்கள். ஜெனிஷா மணிக்கட்டைத் தூக்கினாள், அவன் தாடையை வைத்தான், வாட்ச் எண் கேட்டது. ஜெனிஷா எண்ணைப் போட்டாள். மிஷின் பக்கம் கொண்டுபோவதற்குள் மறுபடி பூட்டிக்கொண்டது. இன்னொரு தடவை. வாருக்கு அடியில் கைக்குட்டையை மடித்து வைத்துப் பார்த்தாள். கைக்குட்டை நடுவில் வந்தால் வாட்சுக்குத் தோல் தெரியாது. வரிசையில் நின்ற ஒரு அம்மா, "பரவால்லம்மா, மெதுவாப் பாருங்க" என்றார்.

ஜெனிஷா தன் போனை எடுத்தாள். அட்டையைப் படம் பிடித்துப் பணம் அனுப்பினாள். ஒரு நொடியில் முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் ஆன்சன், "கழட்டிரு" என்றான்.

"சார்ஜ் போடணுமா?"

"வேணாம். கழட்டிரு."

அவள் கழட்டினாள். மணிக்கட்டில் வார் அழுத்திய தடம் இருந்தது. அதில் எண்ணெய் தடவிவிட்டாள். வாட்சை எங்கே வைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

அன்னக்கொடியக்கா மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. வேறு யாரும் அதில் காசு கொடுக்கவில்லை, சும்மா வாடகை எதற்கு என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னது. நான் மறுக்கவில்லை. "சாரு எப்படி இருக்காரு?" என்று கேட்டது. அப்படியேதான் இருக்கார் என்றேன். அது பொய்.

இப்போது ஆன்சனுக்கு இரண்டு காலும் அசையவில்லை, இரண்டு கையும் அசையவில்லை. படுக்கையை முன்னறைக்கு மாற்றியிருக்கிறார்கள். அவன் பேசுவது ஜெனிஷாவுக்கு மட்டும் புரிகிறது. நான் இரண்டு தடவை கேட்டுவிட்டுப் புரிந்த மாதிரி தலையாட்டுகிறேன். புரியவில்லை என்று அவனுக்குத் தெரிகிறது. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. எதையும் மாவு கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பாதியில் அவன் களைத்துவிடுகிறான்.

வயிற்றில் குழாய் வைத்துவிடலாம், இனியும் தள்ளினால் மயக்க மருந்தைத் தாங்க மாட்டார் என்று டாக்டர் போன வாரம் சொல்லியிருக்கிறார். ஆன்சன் வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டான். ஜெனிஷா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நீங்க சொன்னாக் கேப்பாரு. நீங்க ஒரு தடவ பேசுங்க."

"நான் என்னம்மா பேசுறது?"

"எனக்காக வச்சுக்கச் சொல்லுங்க. ஆனா நான் கேட்டேன்னு சொல்லாதீங்க."

முன்னறைக்குப் போய் அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எதற்கு வந்திருக்கிறேன் என்று என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டான். புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் கடையைப் பற்றிப் பேசினேன். இந்த வருடம் யூரியா வரத்து சரியில்லை என்றேன். பரவைப் பக்கம் மழை இல்லை, நெல் விதை போகவே இல்லை என்றேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். வாயோரம் எச்சில் வழிந்தது, துண்டால் துடைத்துவிட்டேன். குழாய்ப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

ஜெனிஷா நிலைப்படியில் வந்து நின்றாள். நான் எழுந்து, "நாளைக்கு வாரேன்மா" என்றேன்.

"சரிண்ணே" என்றாள். கையில் கிண்ணமும் கரண்டியும் இருந்தன. நான் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, முதல் கரண்டியை அவன் உதட்டுக்குக் கொண்டுபோனாள்.